தட்டின் விளிம்பில் சந்தனம்

எங்கள் ஆய்வுகூடக் கதவில் பஹ்மிதா ஒரு தாள் ஒட்டியிருந்தாள். செய்யக்கூடாதவை பதினான்கு. கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது. முகமூடி இல்லாமல் தட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது. தட்டின் முகப்பை எக்காரணம் கொண்டும் தீண்டக்கூடாது. பன்னிரண்டாவது, டினேஸ் உள்ளே வைத்து றோல்ஸ் தின்னக்கூடாது. டினேஸ் என்பது நான். மற்றப் பதின்மூன்றும் மனிதகுலம் முழுவதற்கும்.

தட்டு என்றால் சோற்றுத் தட்டு அல்ல. உள்ளங்கை அகலத்தில், ஒரு மில்லிமீற்றர் தடிப்பில், தண்ணீர்போலத் தெளிந்த கண்ணாடி வட்டம். அதன் ஒரு பக்கத்தில், தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சு. உலகத்தில் சில இடங்களில் கிலோமீற்றர் கணக்கில் நீளும் இரண்டு குழாய்களைப் போட்டு, முனைகளில் இப்படிப் பூசிய பெரிய ஆடிகளைத் தொங்கவிட்டு, லேசர் கதிரை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் ஈர்ப்பலை எழும். அது வந்து கடக்கும்போது குழாயின் நீளம் ஓர் அணுக்கருவைவிடச் சிறிய அளவால் கூடிக் குறையும். அதைப் பிடிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பூச்சிலுள்ள அணுக்கள் வெப்பத்தால் ஓயாமல் நடுங்குகின்றன. கோடானுகோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த செய்தி அந்த நடுக்கத்துக்குள் தொலைந்துபோகிறது. ஒலிபெருக்கி பூட்டிய கலியாண வீட்டில் முன்பந்திக்காரர் சொல்லும் இரகசியத்தைப் பின்பந்தியிலிருந்து கேட்பதைப் போன்றது.

ஆகவே நடுக்கம் குறைந்த பூச்சு வேண்டும். எது குறைந்தது என்று கண்டுபிடிக்கும் வழி சொல்லுவதற்கு எளிது. தட்டை அதிரவிட்டு, அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று பார்ப்பது. வெண்கல மணி நீளமாக ஒலிக்கும், மண்சட்டி டொக்கென்று நிற்கும். நெடுநேரம் ஒலிக்கும் பொருள், சும்மா விட்டால் குறைவாக நடுங்கும். இது பௌதிகவியல் விதி. மனிதருக்குப் பொருந்தாது. நெடுநேரம் ஒலிப்பவர்கள் எங்கள் துறையில் பலர் இருக்கிறார்கள். ஒருவரும் சும்மா இருந்து நான் கண்டதில்லை.

ஒரே தட்டை ஆறு நாடுகளின் ஆய்வுகூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அளப்பது என்று ஒரு சர்வதேசக் குழு ஏற்பாடு செய்திருந்தது. ஆறாவது நாங்கள். ஐந்து வீதத்துக்குள் பிழை வைத்து ஓர் எண்ணைக் கொடுப்பவர்களுக்கு, அடுத்த வருடம் வரவிருக்கும் புதிய பூச்சை அளக்கும் வேலை கிடைக்கும். கொடுக்காதவர்களுக்கு நன்றிக் கடிதம் கிடைக்கும். பஹ்மிதா இதற்காக இரண்டு வருடம் உழைத்திருந்தாள். வட்டுக்கோட்டை வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே துறைக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடத்தைக் கேட்டு வாங்கி, காங்கேசன்துறையிலிருந்து வந்த பழைய இரும்புத் தகட்டில் மேசை செய்து, காற்றை உறிஞ்சி எடுத்த உருக்குக் கூடு ஒன்றை அதன்மேல் நிறுத்தி, அதற்குள் தட்டை ஒரு குவிவுவில்லையின் உச்சியில் சமநிலையில் வைத்திருந்தாள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் தற்காலிக விரிவுரையாளர்களானவர்கள். வித்தியாசம் என்னவென்றால், அவள் வேலை செய்தாள்.

எண் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் துறைத்தலைவர் றஜனி மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய முந்நூறு பிளாஸ்ரிக் கதிரைகளை வைக்க இடமில்லை. இந்தக் கட்டடம் அளவாக இருக்கும்.

தட்டு வந்து இரண்டு வாரமாகியும் எண் வரவில்லை. குற்றம் தட்டின் வடிவத்தில் இருந்தது. அதிரும்போது அது பொரிக்கும் அப்பளம்போல வளையும். சில இடங்கள் மேலும் கீழும் ஆடும். இடையில் சில கோடுகள் அசையாமல் நிற்கும். அந்தக் கோடுகள் கூட்டல் அடையாளம்போல நிற்கலாம். அதையே சற்றுத் திருப்பினால் பெருக்கல் அடையாளம்போலவும் நிற்கலாம். ஒவ்வொரு அதிர்வும் இப்படி இரட்டைப் பிள்ளை. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சுருதி. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றையொன்று தூக்கியும் அமுக்கியும், நேராகச் சரிய வேண்டிய வரைபு ஏறி இறங்கி ஏறியது. அலைக்கு நடுவே கோடு போட்டால் பிழை இருபது வீதம். மற்ற ஐந்து நாடுகளுக்கும் இதே தொல்லைதான் என்று கேள்விப்பட்டோம். அந்த ஆறுதல் கதிரைகளை நிறுத்தாது.

இந்த நிலையில் சரஸ்வதி பூசையான வாணி விழா வந்தது.

எங்கள் தொழில்நுட்ப அலுவலர் வாகீசன் அண்ணை, வருடம் முழுவதும் கருவிகளைத் திட்டிவிட்டு அன்று ஒரு நாள் அவற்றிடம் மன்னிப்புக் கேட்பவர். காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, வெற்றிடப் பம்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். லேசருக்கு வைத்தார். இரண்டு வருடமாக வேலை செய்யாத வோல்ற்றுமானிக்கும், அது மனம் மாறலாம் என்று வைத்தார். பஹ்மிதா முதலாம் வருடப் பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்தாள். தட்டைக் கூட்டிலிருந்து எடுத்து, நிறை பார்ப்பதற்காகக் கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் பூசைக்குப் பொறுப்பாக நின்றேன். அதாவது அவலும் கடலையும் என் பொறுப்பில் இருந்தன.

அடுத்த நாள் பஹ்மிதாவும் நானும் தட்டைக் கூட்டுக்குள் வைத்து, காற்றை எடுத்து, அதிரவிட்டோம்.

"டினேஸ், இஞ்சை ஓடி வா."

"என்ன?"

"செத்துப்போச்சு."

திரையில் பார்த்தேன். ஒலி அரைவாசியாகக் குறைய இருபது நிமிடம் எடுக்க வேண்டிய அதிர்வு, நாற்பது செக்கனில் தரையில் கிடந்தது.

"தட்டு வெடிச்சிட்டுதோ?"

"அஞ்சு நாடு சுத்தி வந்த தட்டு. யாழ்ப்பாணத்திலை வந்து செத்ததெண்டு எழுதப்போறாங்கள்." அவள் கதிரையில் இருந்தாள். எழுந்தாள். மறுபடி இருந்தாள். "என்ரை பேரைப் போட்டு எழுதுவாங்கள்."

"என்ரை பேரையும் போடச் சொல்லு. நான் ஒண்டுக்கும் வராத ஆளெண்டு வீட்டிலை சொல்லுறாங்கள்."

"விசர்க்கதை கதையாதை. அடுத்த சுருதியைப் போடு."

போட்டேன். சோடியில் ஒன்று செத்தது. மற்றது செத்ததாகத் தெரியவில்லை. அதற்கடுத்ததைப் போட்டேன். அதிலும் அப்படியே. பஹ்மிதா எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வெடிச்சிருந்தால் எல்லாம் சாகோணும். உதிலை சோடிக்கு ஒண்டுதான் சாகுது." பிறகு குரல் மாறியது. "டேய், அலை எங்கை?"

உயிரோடிருந்த அதிர்வின் வரைபு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராகச் சரிந்துகொண்டிருந்தது. இரட்டையில் ஒருவன் செத்ததால் மற்றவனோடு மல்லுக்கட்ட ஆளில்லை. இரண்டு வாரமாக நாங்கள் தேடிய நேர்கோடு, நாங்கள் அழவிருந்த வரைபுக்குள் இருந்தது.

அவள் கொண்டாடவில்லை. ஆட்டத்தை அளக்கும் லேசர் ஒளியைத் தட்டைச் சுற்றி மெல்ல மெல்ல நகர்த்தச் சொன்னாள். நான் நகர்த்தினேன், அவள் எழுதினாள். எந்த அதிர்வை எடுத்தாலும், தப்பிப் பிழைத்ததன் அசையாக் கோடு ஒன்று ஒரே இடத்தால் போனது. மணிக்கூட்டு முகமாக நினைத்தால் நாலு மணிப் பக்கம்.

"நாலு மணியிலை, விளிம்பிலை, ஏதோ ஒட்டிக் கிடக்கு," என்றாள்.

"கூடு பூட்டிக் கிடக்கு. உனக்கு என்னெண்டு தெரியும்?"

"அது இருக்கிற இடம் ஆடினால், அந்த ஆட்டத்தைக் குடிச்சு அதிர்வைச் சாக்காட்டுது. அந்த இடம் ஆடாட்டில் அதுக்குக் குடிக்க ஒண்டுமில்லை. அதுதான் மற்றது தப்புது."

"திறந்து பாத்து ஒண்டும் இல்லாட்டில்?"

"நீ உள்ளுக்கை றோல்ஸ் தின்னலாம்."

"இருந்தால்?"

"பதினஞ்சாவது விதியும் உன்னைப் பற்றித்தான்."

திறந்தோம். கையுறை, முகமூடி, உருப்பெருக்கி. நாலு மணிக்குச் சற்று இப்பால், மினுக்கிய விளிம்பில், எள்ளிலும் சிறியதாக, மஞ்சள் கபில நிறத்தில் ஒரு புள்ளி. அதன் நடுவே, குறை வைக்கக்கூடாதென்று, ஒரு குங்குமத் துணிக்கை.

பஹ்மிதா நெடுநேரம் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு விளங்காமல் கேக்கிறன்," என்றாள். "உது நான் நினைக்கிறதோ?"

"ஓம்," என்றேன். "வடிவா வைச்சிருக்கிறார்."

வாகீசன் அண்ணையைக் கூப்பிட்டோம்.

"அண்ணை, தட்டிலை பொட்டு வைச்சனீங்களோ?"

"ஓம் தங்கச்சி."

"கதவிலை எழுதி ஒட்டினனான் எல்லோ?"

"பதினாலையும் வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சனான். கையுறை போட்டனான். முகமூடி போட்டனான். முகப்பைத் தொடக்கூடாதெண்டு கிடந்தது, அதுதான் விளிம்பிலை. விரலாலையும் வைக்கேல்லை. ஈர்க்கு நுனியாலை. ஈர்க்கையும் ஸ்பிரிட்டிலை கழுவினனான்."

"ஏன் அண்ணை?"

"பம்பிக்கு வைச்சன், கதவுக்கு வைச்சன், என்ரை மோட்டர்சைக்கிளுக்கும் வைச்சன். கடல் தாண்டி வந்த பிள்ளைக்கு மட்டும் வைக்காமல் விடச் சொல்லுறியளோ?"

பஹ்மிதா திரும்பிக் கதவுத் தாளைப் பார்த்தாள். பதினான்கில் ஒன்றுகூட மீறப்படவில்லை.

செய்தி துறைக்குப் போய், அங்கிருந்து றஜனி மிஸ் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். உருப்பெருக்கியில் பார்த்தார். அவர் செவ்வாய்க்கிழமைகளில் விரதம் இருப்பவர். கை தானாகக் கன்னத்தில் போடப் போனது. பாதியில் பேராசிரியர் என்பது நினைவுக்கு வந்து இறங்கியது.

"உதைத் துடை. துடைச்சுப்போட்டுப் பழைய அளவையே அனுப்பு. இருபது வீதப் பிழையெண்டாலும் மானத்தோடை அனுப்பலாம்."

"அனுப்பினால் எங்களை எடுக்க மாட்டினம் மிஸ்."

"சந்தனம் பூசி அளந்தம் எண்டு எழுதினால் எடுப்பினமோ? சிரிப்பினம், பிள்ளை. எங்களை மட்டுமில்லை, இனி இந்த ஊரிலையிருந்து என்ன போனாலும் மணந்து பாத்துச் சிரிப்பினம்."

"பொட்டு வைச்ச பக்கம் நேர்கோடு வருது. உது பிழையில்லை, வழி. ஒவ்வொரு சோடியிலையும் ஒண்டை அமத்திப்போட்டு மற்றதை மட்டும் கேக்கலாம். பொட்டு மற்றதுக்கு ஒரு கெடுதியும் செய்யேல்லை எண்டு காட்டினால் காணும்."

"தட்டைத் திருப்பி அனுப்ப நாலு நாள்தான் கிடக்கு. எப்பிடிக் காட்டப்போறாய்?"

"தொண்ணூறாம் ஆண்டு எங்கடை வாப்பாவுக்கு ஊரை விட்டுப்போக இரண்டு மணித்தியாலம் குடுத்தவை," என்றாள் பஹ்மிதா. "நாலு நாள் எண்டால் தாராளம் மிஸ்."

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒரே நாளில் ஊரைவிட்டு வெளியேற்றிய ஆண்டு அது. றஜனி மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தட்டைத் துடை என்று மறுபடி சொல்லவில்லை.

திட்டம் இதுதான். பொட்டைத் துடைத்துவிட்டு வேறு அளவில் வைப்பது. கடுகளவு, எள்ளளவு, எள்ளில் பாதி. ஒவ்வொன்றையும் விளிம்பில் இரண்டு இடங்களில். மொத்தம் ஆறு பொட்டு. பொட்டு எங்கே போனாலும் அசையாக் கோடு அதன் பின்னால் போக வேண்டும். பொட்டு எவ்வளவு பெருத்தாலும் உயிரோடிருக்கும் அதிர்வின் நேரம் மாறக்கூடாது. பெருத்த பொட்டுக்கு நேரம் குறைந்தால், பொட்டு அதிலிருந்தும் திருடுகிறது என்று அர்த்தம். அப்படியானால் கதிரை.

வாகீசன் அண்ணையிடம் போய் ஆறு பொட்டு வேண்டும் என்று பஹ்மிதா கேட்டபோது, அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து, உடனே கவலை வந்தது.

"விழா முடிஞ்சுதே தங்கச்சி. இனி வைக்கிறதெண்டால் நேரம் பாக்கோணும்."

"என்ன நேரம்?"

"ராகு காலத்திலை வைக்கேலாது."

இப்படியாக எங்கள் பரிசோதனை நேரசூசி தயாரானது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம், பொட்டில்லை. புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம், அதற்குள் பஹ்மிதாவின் லுஹர் தொழுகையும் அடங்கிவிடுவதால் நேரம் மிச்சம். பின்னேரம் ஐந்துக்கு நான் குருநகரில் செபமாலைக்கு நிற்காவிட்டால் அம்மா கூட்டைத் தேடி வட்டுக்கோட்டைக்கே வந்துவிடுவார், ஆகவே அதற்குள் பம்பி ஓட வேண்டும். நான்கு நாள், மூன்று மதம், ஒரு பம்பி. ஒருவரோடொருவர் முட்டாமல் ஓடியது. நாட்டுக்கு இந்த நேரசூசியை அனுப்பிவைக்கலாமா என்று யோசித்தேன். பஹ்மிதா துடைப்புத் துணியைக் கையில் தந்து யோசனையைக் கலைத்தாள்.

முதலாவது பொட்டு கடுகளவு. இருபது நிமிடம் பன்னிரண்டு செக்கன். எள்ளளவு, இருபது நிமிடம் எட்டுச் செக்கன். அவள் நகம் கடித்தாள். எள்ளில் பாதி வைக்க வாகீசன் அண்ணை ஈர்க்கைச் சவர அலகால் சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். வைத்து முடிந்ததும் நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம். இருபது நிமிடம் பதினொரு செக்கன். இடம் மாற்றி மறுபடி மூன்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆறாவதற்கு எல்லாம் ஆயத்தம். வாகீசன் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடியும்வரை வாசலில் நின்றார். வைத்தார். இருபது நிமிடம் பத்துச் செக்கன். அசையாக் கோடு ஆறு முறையும் பொட்டின் பின்னால் ஆட்டுக்குட்டிபோலப் போயிருந்தது. பிழை இரண்டு வீதம்.

அறிக்கையை றஜனி மிஸ் வாசித்து ஒரே ஒரு திருத்தம் செய்தார். சந்தனம் என்ற இடத்தில் எல்லாம் "உலர்ந்த தாவரக் களிம்பு" என்று போட்டார்.

இரண்டு வாரத்தின்பின் இணையவழிக் கூட்டம். எங்கள் பக்கம் நாங்கள் நால்வர் ஒரு மடிக்கணினிக்கு முன்னால், குழுப்படம் எடுப்பதுபோல. மற்ற ஐந்து எண்களையும் திரையில் போட்டார்கள். ஒரே தட்டுக்கு ஐந்து எண்கள், காணிச் சண்டைச் சாட்சிகள்போல ஆளுக்கொரு பக்கம். ஆறாவதாக எங்கள் எண், மெல்லிய பிழைக்கோட்டோடு.

குளிர்நாட்டு ஆய்வுகூடமொன்றின் தலைவர், பெரிய தாடிக்காரர், முதலில் வாய் திறந்தார். நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, மிகவும் கோபமாகப் பேசினார்.

"எங்கள் தட்டில் நீங்கள் களிம்பு பூசினீர்களா?"

"ஆம்," என்றாள் பஹ்மிதா. "ஏழு முறை. ஒன்று தவறுதலாக, ஆறு வேண்டுமென்றே. ஒவ்வொரு முறையும் துடைத்தோம்."

"களிம்பு ஒன்றைச் சாகடிக்கிறது, சரி. மற்றதிலிருந்தும் கொஞ்சம் குடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்?"

அவள் ஒரு வரைபைப் போட்டாள். கிடையில் பொட்டின் அளவு, நிலைக்குத்தில் நேரம். ஆறு புள்ளிகளும் கோயில் தேர்வடம்போல ஒரே மட்டத்தில் நீட்டி நின்றன.

"குடித்திருந்தால் பெரியது அதிகம் குடித்திருக்கும்," என்றாள்.

தாடிக்காரர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். றஜனி மிஸ் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நகங்கள் நீளமானவை.

"எந்தத் தாவரம்?" என்றார் தாடிக்காரர்.

பஹ்மிதா மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

"சந்தனமரம். வருடத்தில் ஒரு நாள் இங்கே கருவிகளுக்கு நன்றி சொல்லுவார்கள். அன்று பூசுவது."

"நாங்கள் எங்கள் கருவிகளுக்கு நன்றி சொன்னதேயில்லை," என்றார் வேறு யாரோ ஒரு பெண். "அவையும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன."

தாடிக்காரர் சிரிக்கவில்லை. தன்னிடம் அதே தொகுதியில் செய்த இன்னொரு தட்டு இருப்பதாகவும், ஒரு துளி பசையை விளிம்பில் வைத்து அந்த வாரமே தானே செய்து பார்ப்பதாகவும் சொன்னார். சொன்ன தொனியில், அகப்பட்டீர்கள் என்பது இருந்தது.

அவருடைய மின்னஞ்சல் பத்தாம் நாள் வந்தது. மூன்றே வரி. பசைத்துளியோடு அளந்தார். பஹ்மிதாவின் எண்ணுக்கும் அவருடையதற்கும் வித்தியாசம் ஒரு வீதம். தன் பழைய எண்ணை மீளப்பெறுகிறார். மாதம் முடிவதற்குள் மற்ற நால்வரும் அதே தொகுதியில் தங்களிடம் இருந்த தட்டுகளின் விளிம்பில் ஆளுக்கொரு துளி வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்ற சாட்சிகள் எல்லாரும் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். குழுவின் கடிதம், புதிய பூச்சின் முதல் தட்டு யாழ்ப்பாணத்துக்கே அனுப்பப்படும் என்றது. முந்நூறு கதிரைகளையும் றஜனி மிஸ் தன் சொந்த அறையில் அடுக்கச் சொன்னார். இப்போது அவரைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே போக வேண்டும்.

புதிய தட்டு மாசி மாதம் வந்தது. பூச்சின் கலவை புதிது. நடுக்கம் பழையதில் பாதியாகக் குறைந்தால் உலகம் முழுவதிலும் உள்ள ஆடிகளை மாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். பாதி என்றால் ஒலி அரைவாசியாகக் குறைய நாற்பது நிமிடம் எடுக்க வேண்டும். வாகீசன் அண்ணை நேரம் பார்த்து வைத்தார். காலை ஒன்பது நாற்பதுக்கு அதிரவிட்டோம்.

இருபது நிமிடத்தில் ஒலி கால்வாசிகூடக் குறையவில்லை. முப்பதில் பஹ்மிதா கதிரையை விட்டெழுந்து சுவரோரம் போய் நின்றாள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. நாற்பதில் கோடு அரைவாசியைத் தொடவில்லை.

"டினேஸ், நேரத்தைச் சரியாப் பாத்தனியோ?"

"மூண்டு மணிக்கூட்டிலை பாக்கிறன்."

நாற்பத்தைந்து. ஐம்பது. அரைவாசிக் கோட்டை அது தொட்டபோது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பஹ்மிதா கூவினாள். எழுத்தில் வராத ஒரு கூவல். தோட்டத்து இயந்திரம் நின்றது. வாசலில் நின்ற வாகீசன் அண்ணை, கூடு வெடித்துவிட்டதென்று செருப்போடு உள்ளே ஓடிவந்தார். அது ஏழாவது விதியை மீறிய செயல்.

"என்ன தங்கச்சி? என்ன நடந்தது?"

"அண்ணை," என்றாள், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து மூச்சு முட்ட, "எங்களுக்கு வந்ததிலை இவ்வளவு அமைதியான பூச்சு ஒண்டும் இல்லை. ஒருத்தருக்கும் வரேல்லை!"

வாகீசன் அண்ணை கூட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அங்கே கோடு இன்னும் சரிந்துகொண்டுதான் இருந்தது, அவசரமில்லாமல்.

"அப்ப நீங்கள் ஏன் கத்துறியள்?" என்றார்.

அவள் இன்னொரு முறை கத்தினாள்.